சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை வகுப்பு: திருப்பூர்த் தொடக்கப்பள்ளியில் ஒரு வாரம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு இது: "அரசுத் தொடக்கப்பள்ளியில இப்போ உண்மையில என்னதான் நடக்குது? நாம படிச்ச மாதிரியேவா?" இல்லை. நிறைய மாறியிருக்கு. பொதுவா பேசினா உங்களுக்குத் தூக்கம் வந்துடும், அதனால திருப்பூரை எடுத்துக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க அந்தப் பக்கம் டீச்சரா இருக்காங்க. இன்னைக்குப் பேசுறதுல பாதி அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

முதல்ல ஊரோட கடிகாரம். பனியன் கம்பெனியில ஒரு ஷிப்ட்ங்கிறது பேருக்குத்தான். ஆர்டர் நெருக்கினா ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை. சம்பளம் பெரும்பாலும் வாரக் கணக்கு, சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிறு கறி, சந்தை, சொந்த ஊருக்கு ஒரு ஓட்டம். அதனால அக்கா வகுப்புல ஆள் குறையுற நாள் திங்கள்தான். ஊருக்குப் போன குடும்பம் பஸ் கிடைக்காம செவ்வாய்க்கிழமைதான் திரும்பும்.

எட்டரைக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் மெஷின் முன்னாடி உட்காரணும்னா, பிள்ளை எப்போ சாப்பிடும்? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் பார்க்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-லிருந்து மாநிலத்தோட எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல்னு 2022-ல ஒரு பட்டியல் போட்டாங்க. நம்ம தலைமுறை உப்புமாவைக் கிண்டல் பண்ணியே வளர்ந்தது. [சிரிப்பு] ஆனா முதல் பீரியட்ல தலை சாயாம உட்கார அந்த ஒரு தட்டு என்ன பண்ணுதுன்னு டீச்சர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க.

சரி, வகுப்புக்குள்ள வருவோம். நாம படிச்சப்போ ஒண்ணாம் வகுப்புன்னா எல்லாருக்கும் ஒரே பாடம். அது முதல்ல உடைஞ்சது 2003-ல. சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் தொடங்கினாங்க. ஆந்திராவோட ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகள்ல உருவான அட்டை முறைதான் மூலம். அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை, வரைஞ்சதைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். 2007-08-ல மாநிலம் முழுக்கப் போச்சு. ஒவ்வொரு பிள்ளையும் அதோட வேகத்துல ஏணி ஏறும்.

இப்போ இருக்கிறது 'எண்ணும் எழுத்தும்'. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால விட்டுப்போனதை ஈடுகட்ட 2022 ஜூன் 13-ல தொடங்கினது. முதல்ல ஒண்ணிலிருந்து மூணாம் வகுப்பு, அடுத்த வருஷம் நாலும் அஞ்சும். இதுல பிள்ளைங்க வகுப்பு வாரியா இல்லாம, எந்த அளவுக்குப் படிக்கத் தெரியும்ங்கிறதை வெச்சு மூணு குழு: அரும்பு, மொட்டு, மலர். எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு. கதையைத் தானா படிக்கிற பிள்ளை மலர். ஒரே அறையில மூணு குழுவும் இருக்கும், டீச்சர் பல பள்ளிகள்ல ஒருத்தர்தான். ஒரே புரோகிராமை மூணு வெர்ஷன்ல ஒரே நேரத்துல ஓட விட்டு, நடுவுல செயலியில மதிப்பீட்டையும் ஏத்துற வேலை. அந்தச் செயலி நெட்வொர்க் இல்லாம சுத்திக்கிட்டே நிக்கிறப்போ அக்கா சொல்ற வார்த்தைகளை எடிட்ல வெட்டிட்டேன்.

திருப்பூர்ல இந்த அரும்பு குழுவுல ஒரு விசேஷம். அதுல உட்கார்ந்திருக்கிற ஒன்பது வயசுப் பையனுக்கு ஏற்கனவே படிக்கத் தெரிஞ்சிருக்கலாம், இந்தியில. இல்லேன்னா ஒடியாவுல. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களோட பிள்ளைங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும். வயசுச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம்னும் நிறுத்தக் கூடாது. ஆக, நாலாம் வகுப்பு. ஆனா அரும்பு.

அந்தப் பையனுக்கு என்ன கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. இந்தியில 'க' வரிசைக்கு நாலு எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒலி. தமிழ்ல ஒரே 'க'. 'கல்'லுல ஒரு மாதிரி, 'தங்கம்'ல வேற மாதிரி, 'காகம்'ல ரெண்டு 'க'வும் ரெண்டு விதம். எழுத்து இருக்கிற இடம்தான் ஒலியை முடிவு பண்ணும். நமக்கு இது சொல்லிக் கொடுக்காமலே தெரியும். அவனுக்கு இது விதி இல்லாத விளையாட்டு. அக்கா 'பம்பரம்' சொல்லி ஆரம்பிப்பாங்களாம்: முதல் 'ப'வையும், 'ம்'முக்குப் பக்கத்துல இருக்கிற 'ப'வையும் தொண்டையில கை வெச்சுச் சொல்லச் சொல்லி அதிர்வைக் காட்டுவாங்க. ஒடியா பேசுற பிள்ளைக்கு 'ள' சுலபம், அந்த ஒலி அவங்க மொழியில உண்டு. 'ழ'வுக்கு எல்லாரும் ஒரே வரிசையில நிக்கணும், நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் சேர்த்துத்தான்.

கணக்குல கதை தலைகீழ். இந்தியில 23, 33, 43 மூணும் தேயிஸ், தைந்தீஸ், தைந்தாலீஸ். நூறு வரைக்கும் பெரும்பாலும் மனப்பாடம்தான். தமிழ்ல இருபத்தி மூணு, முப்பத்தி மூணு, நாற்பத்தி மூணு. தொண்ணூறுல மட்டும் கொஞ்சம் இடறும். மத்தபடி ஒரு தடவை அமைப்பு புரிஞ்சா ஓடிடுவான். தமிழ்ல அரும்பு, கணக்குல மொட்டுன்னு ஒரே பையன் ரெண்டு குழுவுல இருக்கிறது இப்படித்தான்.

சாயங்காலம்? வீட்டுல மூட்டை காத்திருக்கும். ஜாப் ஒர்க்ல பிசிறு வெட்டுற வேலை, பீஸுக்கு இவ்வளவுன்னு காசு. ஒரு காலத்துல பிள்ளைங்களே கம்பெனிக்குள்ள கைமடியா நின்ன ஊர் இது. இப்போ 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. ஆனா 2016 திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல உதவலாம்னு ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு. அடுத்தவன் ஆர்டருக்கு வீட்டுல உட்கார்ந்து வெட்டுற பிசிறு குடும்பத் தொழிலா? என் கணக்குல இல்லை. ஆனா பிள்ளை கையில கத்தரிக்கோல் இருக்கிற அந்த ராத்திரி எட்டு மணிக்கு இதைப் பார்க்க யார் வரப்போறாங்க? அக்கா வகுப்புல எழுத்து வேலையெல்லாம் நாலு மணிக்குள்ளயே முடிஞ்சுடும். நோட்டு வீட்டுக்குப் போகாது.

அடுத்தது தீபாவளி. ஊர் காலியாகும், வடக்குக் குடும்பங்கள் சத் பூஜையும் முடிச்சுத்தான் கிளம்பி வருவாங்க. சிலர் வரவே மாட்டாங்க. ஈரோட்டுக்கு மாறின பிள்ளைன்னா எமிஸ் எண்ணை வெச்சு அங்கே இருக்கிற பள்ளி எடுத்துக்கும். கயாவுக்குத் திரும்பின பிள்ளை மொட்டு வரைக்கும் வந்துட்டான்ங்கிற தகவலை வெச்சு அங்கே இருக்கிற டீச்சர் என்ன பண்ணுவாங்க? அது தமிழ் படிச்ச அளவு. அக்கா அவன் பயிற்சிப் புத்தகத்தை பீரோவுல எடுத்து வெச்சிருக்காங்க. பொங்கலுக்கு அப்புறம் வந்தா அதே பக்கத்துலயிருந்து தொடங்கலாம்னு.