கவனிப்பும் கண்காணிப்பும்

'கவனி' என்கிற வினைச்சொல் தமிழில் படுகிற பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வகுப்பில் வாத்தியார் "இங்கே கவனி" என்கிறார். அலுவலக மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க" என்று வந்தால் அதன் பொருள் வேறு. தெருச் சண்டையில் "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்றால் அது மிரட்டல். 1998இல் எனக்குத் திருமணம் நடந்தது. சுயமரியாதைத் திருமணம்; தாலி இல்லை, புரோகிதர் இல்லை, மேடையில் மூன்று தோழர்கள் பேசினார்கள். கீழே இறங்கியதும் என் பெரியம்மா காதோடு சொன்னது: "அவரை நல்லா கவனிச்சுக்கோ." அவர் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை 'நீ' என்கிறார், நான் அவரை 'நீங்க' என்கிறேன். இதையெல்லாம் எந்த உறுதிமொழியிலும் நாங்கள் வாசிக்கவில்லை.

2019இல் ஒரு ராத்திரி. என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. சாப்பாடு போடும்போது சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும்னு நினைக்கிறேன்." மாநாட்டுத் துண்டறிக்கையின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் "ம், காட்டு" என்றார். நான்கு நாள் கழித்து ஊசி போட்டுச் சதை எடுத்த வலியோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். "எங்க போயிட்டு வர்ற? சொல்லவே இல்லையே நீ?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்கிறார். முடிவு வந்தபோது அது சாதாரணக் கட்டிதான். ஆனால் அந்த 'ம்' என்னை விட்டுப் போகவில்லை. அது எந்த மாநாட்டுக்கான துண்டறிக்கை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெண்ணுரிமை மாநாடு.

அவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, என் வேலையை மதிக்கிறவர். பிரச்சினை அதைவிட நுட்பமானது. அவர் வீட்டில் இருந்தார், ஆனால் இல்லை.

ஆலோசகராக இருக்கிற ஒரு தோழி சொல்லித்தான் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்கிற பயிற்சியை நாங்கள் இருவருமாகத் தொடங்கினோம். அது என்ன, எங்கே உதவியது, எங்கே உதவாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது மேட்டுக்குடிச் சமாச்சாரமாயிற்றே, இந்தப் பக்கங்களில் இதற்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். இந்தியாவின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். யார் முகம் வாடியிருக்கிறது, யாருக்கு எப்போது என்ன தேவைப்படும் என்று மனதால் சுமக்கிற வேலை இந்த நிமிடங்களில் முழுதாக அடங்குவதில்லை. உழைப்பைப் பங்கிட வேண்டும் என்று பேசுகிற நாம், கவனத்தைப் பங்கிடுவது பற்றிப் பேசியதே இல்லை.

*

'மைண்ட்ஃபுல்னஸ்' என்பது பாலி மொழியின் 'சதி' என்ற சொல்லுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் கொடுத்த சொல். ரீஸ் டேவிட்ஸ் 1881இல் வெளியிட்ட சுத்த மொழிபெயர்ப்புகளின் வழியாக அது நிலைபெற்றது. 'சதி'யின் வேர்ப்பொருள் நினைவு, வடமொழியில் ஸ்மிருதி. செய்துகொண்டிருப்பதை மறக்காமல் இருத்தல், நழுவிப்போன மனதை நினைவுபடுத்தித் திரும்ப அழைத்துவருதல் என்று விரித்துக்கொள்ளலாம்.

தமிழில் இதற்கு 'முழுக்கவனம்', 'விழிப்புணர்வு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பொச்சாவாமை. மறதியின்மை என்று பொருள். குறளின் 54ஆம் அதிகாரம் அது. அரசனுக்குச் சொன்னதுதான், எனினும் அதன் முதல் குறள் சொல்கிற சேதி எந்த வீட்டுக்கும் பொருந்தும். அளவுமீறிய கோபத்தைவிட, மகிழ்ச்சியில் திளைத்து வருகிற சோர்வு கெட்டது என்கிறது. உறவுகளைச் சண்டை மட்டும் கெடுப்பதில்லை. எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்ற மெத்தனம் அதைவிட அமைதியாகக் கெடுக்கிறது. குறளைத் 'திரிக்குறள்' என்று பௌத்தப் பிரதியாகவே வாசித்தவர் அயோத்திதாசர். அந்த வாசிப்பை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். 'சதி'க்கும் பொச்சாவாமைக்கும் மறதி என்கிற ஒரே எதிரிதான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

பௌத்தத்தில் இதை விரிவாகச் சொல்வது சதிபட்டான சுத்தம். உடல், உணர்ச்சி, மனம், தம்மங்கள் என நான்கு தளங்களில் கவனத்தை நிறுத்தச் சொல்கிறது. 'வேதனா' என்று அது சொல்வது வலியை மட்டுமல்ல; எந்த அனுபவமும் நம்மைத் தொடும்போது உண்டாகிற இனிமை, இனிமையின்மை, இரண்டுமற்ற நிலை ஆகிய மூன்றையும். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது துறவிகளை முன்னிலைப்படுத்திச் சொல்லப்பட்டது. உடலின் முடி, நகம், தோல் என்று பகுத்துப் பார்க்கச் சொல்வது பற்றைத் தளர்த்துவதற்காக. தம்பதிகளை நெருக்கமாக்க புத்தர் அதைச் சொல்லவில்லை. ஆக, நாம் செய்வது மறுவாசிப்பு. ஆனால் அந்தப் பிரதியிலேயே ஒரு திறப்பு இருக்கிறது: 'உள்ளும், புறமும், உள்ளும் புறமுமாக' கவனி என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. புறம் என்பதற்கு அடுத்தவர் என்று பொருள்கொள்ளும் உரை மரபு உண்டு.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் இதை மதத்திலிருந்து பிரித்தெடுத்து, நாள்பட்ட வலியோடு வருகிறவர்களுக்கான பயிற்சியாக மாற்றினார். பிற்பாடு அதையே தம்பதிகளுக்கென்று திருத்தியமைத்தார்கள்.

*

பயிற்சி எளிமையானது. அதுதான் அதன் கஷ்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, செல்போன்களை வேறு அறையில் வைத்துவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். முதல் மூன்று நிமிடம் அவரவர் மூச்சைக் கவனிப்பது. பிறகு ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவார். மற்றவர் பதில் சொல்லக் கூடாது, அறிவுரை கூடாது, தன்னை நியாயப்படுத்தக் கூடாது. முடிந்ததும் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா கேட்டேனா?" என்று கேட்க வேண்டும். பிறகு முறை மாறும். முதல் வாரங்களில் அன்றைய நாளைப் பற்றி மட்டும் பேச்சு. பழைய வழக்குகளை எடுப்பதில்லை.

கேட்கிறவருக்கு ஒரு வேலை உண்டு. அடுத்தவர் பேசும்போது தன் உடம்பில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. தாடை இறுகுகிறது. நெஞ்சு சூடாகிறது. பதில் ஒன்று தொண்டைக்குள் வரிசையில் நிற்கிறது. 'ஆ, இது பிடிக்காத உணர்ச்சி' என்று பெயரிட்டுவிட்டு, மறுபடி அந்தக் குரலுக்குத் திரும்ப வேண்டும். அந்த உணர்ச்சிக்கும் நாம் கத்துவதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்பது தெரிய வரும். பயிற்சியின் சாரம் அந்த இடம்தான்.

முதல் நாள் அவர் "என்ன இது, சத்சங்கமா?" என்று கேட்டார். முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதைப் போல ஒரு தண்டனை வேறில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது தன்னையறியாமல் தீர்மானம் போட்டுவிடுவார்: "ஆக, நீ சொல்ல வர்றது என்னன்னா..." நான் சொல்ல வந்தது அது இல்லை. மறுபடி சொல்வேன். பத்தாவது நாளோ என்னவோ, முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார்: "ஊசி குத்தினப்ப நீ தனியா இருந்த." அவ்வளவுதான். நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

*

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர், கவனிக்கத் தெரிந்த மனைவி, தெரியாத கணவன், பாடம் கற்றார் என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம் அது உடைந்தது.

அவர் வண்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்கு என்ன மனநிலையில் வருகிறார் என்று எனக்குத் தெரியும். 'டக்' என்று விழுந்தால் பிள்ளையை உள்ளே அனுப்பிவிடுவேன், கேட்க வேண்டியதை நாளைக்குத் தள்ளிப்போடுவேன். இதைத்தான் நான் அன்பு என்றும் கவனிப்பு என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று என் முறை முடிந்து அவர் பேசினார்: "மீட்டிங் முடிஞ்சு இறங்கினதும் எனக்கு பயமா இருக்கும். நம்பி வந்திருக்கிறாங்க, தோத்துட்டா என்ன பண்றதுன்னு. வீடு வர்ற வரைக்கும் கை நடுங்கும்." இருபது வருடமாக அதைக் கோபம் என்றே படித்திருக்கிறேன். சத்தத்தைக் கேட்டேனே தவிர, ஆளைக் கேட்கவில்லை.

'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) என்ற நூலில் ஃபூக்கோ விவரிக்கும் சிறையில் அதிகாரம் உள்ளவர் பார்க்கிறார், அதிகாரமற்றவர் பார்க்கப்படுகிறார். குடும்பம் என்ற நிறுவனத்துக்குள் இன்னொரு பார்வையும் இருக்கிறது. இங்கே அதிகாரம் குறைந்தவள் அதிகாரம் உள்ளவரை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தன் பாதுகாப்புக்காக. பண்ணையாரின் முகக்குறியைப் பண்ணையாள் படிப்பது மாதிரி. இது கூர்மையான பார்வைதான், ஆனால் அதற்குள் விருப்பம் இல்லை, கேள்வி இல்லை. ஆபத்து உண்டா இல்லையா என்கிற ஒரே கணக்குதான். கண்காணிப்பு அடுத்தவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறது. கவனிப்பு அந்த முடிவைத் தள்ளிவைக்கிறது.

ஆகவே ஒரே பயிற்சி இருவரிடமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அவர் பார்க்கக் கற்க வேண்டியிருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதை நிறுத்தி, என் தோள் ஏன் எப்போதும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

உடல் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூலில், உறவில் சிக்கல் உள்ள தம்பதிகளுக்கு ஒரு வழி சொன்னார்கள்: சில காலம் புணர்ச்சியை விலக்கிவைத்து, எந்த இலக்கும் இல்லாமல் தொடுவது, தொடுகிற இடத்தின் சூடு, மென்மை, சொரசொரப்பு இவற்றில் மட்டும் மனம் வைப்பது. எங்கள் தலைமுறைக்கு இதை எழுதக் கூச்சம் உண்டு. ஊசி குத்திய இடத்தைத் தொடலாமா என்று அவர் கேட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். திருமணமாகி இத்தனை வருடத்தில் கேட்டுவிட்டுத் தொட்டது அதுதான் முதல் முறை.

*

எச்சரிக்கைகள் இல்லாமல் இதை முடித்தால் நானும் வியாபாரியாகிவிடுவேன். தம்பதிகளுக்கான இப்பயிற்சி பற்றி அமெரிக்காவில் கார்சனும் மற்றவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல பலன்கள் காணப்பட்டன. ஆனால் அதில் பங்கேற்றது 44 தம்பதிகள். அவர்களும் பெரிய சிக்கல் இல்லாதவர்கள். உடைந்துகொண்டிருக்கிற உறவை இது ஒட்டவைக்கும் என்பதற்கு அந்த ஆய்வு சாட்சி ஆகாது. ரொனால்ட் பர்சர் 2019இல் எழுதிய 'மெக்மைண்ட்ஃபுல்னஸ்' என்ற நூல், கம்பெனிகள் இதை வைத்து வேலைப்பளுவின் பழியைத் தொழிலாளியின் மனதின் மேலேயே போடுகின்றன என்று விமர்சிக்கிறது. வீட்டிலும் அதே அபாயம் உண்டு. பாத்திரம் கழுவாத கணவனைக் கோபப்படாமல் 'அவதானிக்க' ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது பயிற்சி இல்லை, மயக்க மருந்து.

அடி விழுகிற வீட்டில் இதைத் தொடங்கவே கூடாது. அங்கே மனம் திறந்து பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மறுநாள் ஆயுதமாகும். அங்கே தேவை மூச்சுப் பயிற்சி அல்ல. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், கூட நிற்க நாலு பேரும், வெளியே போக ஒரு கதவும்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாநாடு வந்தால் பயிற்சி நின்றுபோகிறது. இப்போதும் அவர் 'நீ', நான் 'நீங்க'. 'சதி' என்றால் நினைவு என்று மேலே எழுதினேன். போன மாதம் சமையலறை நாட்காட்டியில் அவர் கையெழுத்தில், என் மருத்துவப் பரிசோதனைக்கான நாள் குறிக்கப்பட்டிருந்தது. நான் கேட்கவில்லை, நினைவுபடுத்தவும் இல்லை. ஒருநாள் தள்ளித் தப்பாகக் குறித்திருந்தார். திருத்தினேன்.