திருவருகைக் கால வளையமும் அதற்கு ஆசி வழங்கும் முறையும்

திருவருகைக் கால வளையம் என்பது பசுங்கிளைகளை வட்டமாகக் கட்டி, அதில் நான்கு மெழுகுதிரிகளைப் பொருத்தி அமைக்கப்படும் வளையம் ஆகும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் இத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. கத்தோலிக்கப் பங்குகளில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, அல்லது அதற்கு முந்திய மாலையில், இவ்வளையத்துக்கு ஆசி வழங்கப்படுகிறது.

இந்த வழக்கம் ஏழு அருளடையாளங்களைச் சேர்ந்ததல்ல. ஒரு பங்கு இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்ற சட்டமும் இல்லை. குருத்து ஞாயிறின் ஓலையையும் சாம்பல் புதனின் சாம்பலையும் போல, திருச்சபையின் மன்றாட்டால் புனிதப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படும் பொருள் இது.

தோற்றம்

இவ்வளையம் செருமனி நாட்டுப் புராட்டஸ்தாந்து சபையில் தோன்றியது. ஆம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த லூத்தரன் சபைப் போதகர் யோகான் இன்றிக் விகெர்ன் (1808–1881), கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட சிறுவர்களுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதில் மெழுகுதிரிகளை வைத்தார் எனக் கூறப்படுகிறது. ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகள், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள் என நாளுக்கு ஒன்றாக அவை ஏற்றப்பட்டன. அவ்வாண்டில் டிசம்பர் 1 ஞாயிறாக இருந்ததால் சக்கரத்தில் மொத்தம் 24 திரிகள் இருந்தன.

பசுங்கிளைகளைச் சுற்றும் வழக்கம் பின்னர் சேர்ந்தது. வீடுகளில் வைப்பதற்கு வசதியாகத் திரிகளின் எண்ணிக்கை நான்காகக் குறைந்தது. கத்தோலிக்கக் கோவில்களில் இது 1920-களில்தான் இடம்பெறத் தொடங்கியது. 1925-இல் கொலோன் நகரக் கோவில் ஒன்றில் தொங்கவிடப்பட்டது முதல் நிகழ்வாகக் குறிப்பிடப்படுகிறது. ஆகவே கத்தோலிக்கர்களிடையே இவ்வழக்கத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறே உண்டு.

அமைப்பும் பொருளும்

வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால் அது இறைவனின் முடிவில்லா அன்பைக் குறிப்பதாகவும், வாடாத பசுமை நிலைவாழ்வைக் குறிப்பதாகவும் விளக்கம் தரப்படுகிறது.

மரபுப்படி மூன்று திரிகள் ஊதா நிறத்திலும் ஒன்று ரோசா நிறத்திலும் இருக்கும். இவை அக்காலத்தில் குரு அணியும் திருவுடைகளின் நிறங்களே. ஊதா மனமாற்றத்தையும் காத்திருத்தலையும் குறிக்கும். ரோசா நிறத் திரி மூன்றாம் ஞாயிறன்று ஏற்றப்படும். ஆண்டவரில் மகிழுமாறு புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய சொற்களோடு அன்றைய திருப்பலி தொடங்குவதால் அது 'மகிழ்ச்சி ஞாயிறு' எனப்படுகிறது. நான்கு திரிகளும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ இருப்பதும் ஏற்கத்தக்கதே. நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என ஒவ்வொரு திரிக்கும் பெயர் சூட்டுவதும், கிறிஸ்து பிறப்பு இரவில் நடுவில் ஐந்தாவதாக ஒரு வெள்ளைத் திரி ஏற்றுவதும் மக்களிடையே பரவிய வழக்கங்களாகும்.

திருவழிபாட்டுப் பேராயம் 2001-இல் வெளியிட்ட, பொதுமக்களின் பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டி ஏடு இவ்வளையத்தைக் குறிப்பிடுகிறது. ஞாயிறுதோறும் கூடிவரும் ஒளி, கிறிஸ்துவின் வருகைக்கு முந்திய மீட்பு வரலாற்றின் படிநிலைகளை நினைவூட்டுகிறது என்றும், நீதியின் கதிரவன் எழும்வரை இரவைச் சிறிது சிறிதாக விலக்கிய இறைவாக்கின் ஒளிக்கு அடையாளம் என்றும் அது விளக்குகிறது.

திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வரும் ஞாயிறன்று தொடங்கும். இதனால் அதன் நீளம் 22 நாள்களிலிருந்து 28 நாள்கள்வரை மாறும். 2022-இல் முழு நான்கு வாரங்கள் கிடைத்தன. 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆகிவிட்டது.

ஆசி வழங்கும் முறை

1989-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆயர்கள் வெளியிட்ட ஆசி நூலில் இதற்கெனத் தனி அதிகாரம் உள்ளது. அதன்படி திருப்பலியிலோ, இறைவாக்கு வழிபாட்டிலோ, மாலைப் புகழிலோ ஆசி வழங்கலாம். திருப்பலியில் வழங்கும்போது ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

1. மறையுரைக்குப் பின் நம்பிக்கையாளர் மன்றாட்டு சொல்லப்படும்.
2. அதன் முடிவில் குரு கைகளை விரித்து ஆசி மன்றாட்டைச் சொல்வார். அறியாமை, பாவம் ஆகியவற்றின் இருளைப் போக்கும் கிறிஸ்துவின் ஒளியில் மக்கள் நடக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து.
3. முதல் திரி ஏற்றப்படும். புனித நீர் தெளிப்பது பல இடங்களில் வழக்கம்.

இரண்டாம் ஞாயிறு முதல் ஆசி மீண்டும் வழங்கப்படுவதில்லை. திருப்பலி தொடங்குமுன் அல்லது திருக்குழும மன்றாட்டுக்குச் சற்றுமுன் உரிய திரிகள் ஏற்றப்படும்; அதற்கெனத் தனிச் சடங்கு தேவையில்லை. வளையம் மக்கள் கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் பலிபீடத்தையோ வாசக மேடையையோ மறைக்கக் கூடாது.

வீட்டில் வைக்கும் வளையத்துக்குத் தாயோ தந்தையோ குடும்பத்தில் வேறொருவரோ ஆசி மன்றாட்டைச் சொல்லலாம். எசாயா நூல் 9-ஆம் அதிகாரத்தில், இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதைக் கூறும் பகுதி இதற்கு ஏற்ற வாசகம்.

புதுச்சேரிக் கடற்கரையும் திருவருகைக் காலமும்

ஆம்பர்க்கில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ ஏழரை மணி நேரமே நீடிக்கும். அந்த நீண்ட இருளில் பிறந்த அடையாளம் இது. புதுச்சேரியில் அதே நாளில் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டியிருக்கும். இங்கு இக்காலத்தின் இருள் வடகிழக்குப் பருவமழையோடும் புயலோடும் வருவது. 2024 நவம்பர் 30 மாலை, அதாவது முதல் திரி ஏற்றப்படும் ஞாயிறுக்கு முந்திய மாலையில், பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. வடக்கு எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளம் தொடங்கித் தெற்கே நீளும் கடலோர ஊர்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும் கடலைப் பார்த்துக் காத்திருக்கும் மாதங்கள். இருளில் ஒளிக்குக் காத்திருத்தல் என்ற கருத்து இம்மக்களுக்குப் புதிதல்ல.

செருமனியில் பயன்படும் ஊசியிலை மரங்கள் இங்கு வளர்வதில்லை. கடலோர மணலில் செழிக்கும் சவுக்கு, தோற்றத்தில் அவற்றை ஒத்திருப்பதால் கிறிஸ்துமஸ் மரமாகப் பயன்படுகிறது. அதன் கிளைகள் வளையத்துக்கும் பொருந்தும். வெட்டிய சவுக்கு விரைவில் காய்ந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் வாரந்தோறும் புதிய கிளைகளை வைப்பது நல்லது.

மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றுவதற்கும் இந்தியத் திருவழிபாட்டில் இடம் உண்டு. 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை ஒப்புதல் அளித்த பண்பாட்டுமயமாக்கல் பற்றிய 12 கூறுகளில், திரிகளுக்குப் பதில் எண்ணெய் விளக்குகளைப் பயன்படுத்துவதும் ஒன்று. அம்முயற்சியில் முன்னின்றவர் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டக் குருவும், பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநருமான து. ச. அமலோர்பவதாஸ் (1932–1990) ஆவார்.

'சம்பா கோவில்' என மக்கள் அழைக்கும் புதுச்சேரி மறைமாவட்டத் தலைமைக் கோவில் அமல உற்பவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பெருவிழா நாளான டிசம்பர் 8 எப்போதும் திருவருகைக் காலத்துக்குள் விழும். மரியாவே மீட்பருக்காகக் காத்திருந்த முதன்மையானவர் என்பதால் இரண்டும் முரண்படுவதில்லை. ஆயினும் திருவழிபாட்டு ஒழுங்கில் திருவருகைக் கால ஞாயிறு பெருவிழாவுக்கு முந்தியது. டிசம்பர் 8 ஞாயிறாக அமைந்தால், பொது நாள்காட்டியின்படி பெருவிழா மறுநாளுக்கு மாறும்.

வளையத்தின் இன்றைய பயன்

டிசம்பர் பிறந்ததும் வீடுகளில் விண்மீன் விளக்குகள் தொங்குகின்றன. கிறிஸ்துமஸ் பாடல் குழுக்கள் தெருத்தெருவாகச் செல்கின்றன. கடைகளில் கேக் விற்பனை தொடங்குகிறது. விழா முன்னதாகவே வந்துவிட, அதற்கு ஆயத்தம் செய்யும் காலம் மறைந்துபோகும் நிலை உள்ளது. திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதம் பாடப்படாததும் ஊதா உடையும் ஆயத்தக் காலத்தின் அடையாளங்களே. ஆனால் சிறுவர்கள் அவற்றை எளிதில் கவனிப்பதில்லை. ஏற்றப்படாமல் நிற்கும் திரியை அவர்கள் கவனிப்பார்கள். முதல் ஞாயிறன்று நான்கு திரிகளையும் ஒருசேர ஏற்றிவிட்டால் வளையம் வெறும் அலங்காரமாகிவிடும். எஞ்சிய மூன்றும் அணைந்தே இருப்பதால்தான் அது காத்திருத்தலின் அடையாளமாகிறது.