காந்தம் இழுக்க, ஈயம் பின்னால் ஓட!

நெய்யாற்றின்கரை தாண்டி பாறசாலைக்குப் போகிற வழி. அங்கே ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குள் நம்மை விட்டுவிட்டார்கள்! வாங்க, ஓரமாக நின்று பார்ப்போம். முதலில் மூக்கைப் பொத்துங்கள். அமோனியா!

மேசையில் கை வைக்க இடமில்லை. கழுவாத பீக்கர்கள், எழுத்தழிந்த பாட்டில்கள், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். எல்லார் கோட்டிலும் துருக்கறை. உள்ளே தின்னக் கூடாதென்பதால் பழம்பொரிப் பொட்டலம் வராந்தாவில் காத்திருக்கிறது.

இரண்டு வகை இரும்பு உப்புகள் கலந்த ஆரஞ்சுக் கரைசலில் ஒரு பையன் அமோனியாவைச் சொட்டுகிறான். “மெதுவா ஊத்து மக்கா” என்கிறார் களியக்காவிளையிலிருந்து வரும் ஆய்வு மாணவி. “கை விறைக்குது சேச்சி!” அடுத்த சொட்டில் கரைசல் மை கொட்டியதுபோல் கறுத்துவிடுகிறது. “மதி, மதி!” காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடான மேக்னடைட் பிறந்தாயிற்று.

இனிதான் பாடு. பீக்கரின் அடியில் காந்தத்தைப் பிடித்தால் கறுப்பெல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ளும். மேல்தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, புதுத்தண்ணீர் விட்டு, நெடி போகும்வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். காய்ந்ததை அரைக்கும்போது பொடி பறக்கும் என்று மின்விசிறிக்கும் தடை. முகமூடிக்குள் வியர்வை வழிய வழிய அரைக்கிறார்கள். இத்தனை நுண்ணிய பொடியை வடிதாளில் வடித்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் காந்தம். இந்தக் கரைக்கு அது புதிதும் அல்ல, மணவாளக்குறிச்சியில் கருமணலிலிருந்து இல்மனைட்டைப் பிரிப்பதும் காந்தம்தானே! 2006-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு, ஆர்சனிக்கைப் பிடித்த 12 நானோமீட்டர் துகள்களைக்கூட எளிய காந்தத்தால் இழுக்கலாம் என்று காட்டியபோது உலகமே வியந்தது.

இந்தப் பொடிக்கு இங்கே வேலை, தண்ணீரிலுள்ள ஈயத்தைப் பிடிப்பது. இப்போது வேடிக்கை! ஈயம் கலந்த தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடு ஒரு சொட்டு: பளீரென்று மஞ்சள். அதே தண்ணீரில் இன்னொரு பங்கை எடுத்து, பொடி போட்டுக் குலுக்கி, காந்தத்தால் ஒதுக்கிவிட்டு மறுபடி ஒரு சொட்டு. எல்லாரும் குனிந்து பார்க்கிறோம். மஞ்சள் இல்லை! நானும் கைதட்டிவிட்டேன்.

சேச்சி மட்டும் தட்டவில்லை. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவைக் கண் காட்டாது, கருவிதான் காட்டும். கருவிக்குப் போக வேண்டிய தண்ணீரைக் குப்பியில் எடுத்து, தேதி எழுதி வரிசையில் வைக்கிறார்.

பிடித்த ஈயத்தை நீர்த்த அமிலத்தில் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டு, அதே பொடியை மறுபடி வேலைக்கு இறக்குகிறார்கள். எத்தனை சுற்று தாங்கும்? அதில்தான் டீ பந்தயம். பையன் பத்து என்கிறான். சேச்சி ஐந்து என்கிறார். என் காசு பத்தின் மேல்!