கனடாவில் விளையும் நம் பருப்பு



விருதுநகர் என்றதும் பருப்பு மண்டி நினைவுக்கு வரும். அங்கே பருப்பு விலை ஏறி இறங்குவதற்கான காரணம் சில சமயம் கடல் கடந்து, கனடாவில் இருக்கும்.

கனடா வளர்ந்த நாடு. ஆனாலும் அதன் ஏற்றுமதியில் பெரும்பங்கு மண் தருவதுதான்: கச்சா எண்ணெய், எரிவாயு, தங்கம், மரம், கோதுமை. 2024-ல் ஏற்றுமதியில் ஏறக்குறைய முக்கால் பங்கை அண்டை நாடான அமெரிக்காவே வாங்கிக்கொண்டது.

பருப்பின் கதை வேறு. நாம் மைசூர் பருப்பு என்று சொல்லும் மசூர் வகைகளை உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. விளைவது பெரும்பாலும் சஸ்காட்சவன் மாகாணத்தில். அங்குள்ளவர்கள் பருப்பு சாப்பிடுவது குறைவு. அதனால் விளைச்சலில் பெரும்பகுதி இந்தியா, துருக்கி போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

கனடாவிலிருந்து பட்டாணியும் இங்கே வருகிறது. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணி இறக்குமதிக்கு 50 சதவீத வரி விதித்தது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு அந்த வரியை நீக்கியது. வரி ஏறினால் கனடா விவசாயிக்குக் கையைக் கடிக்கும். நீக்கினால் மலிவுச் சரக்கு வந்து இங்கே பயறு விதைத்தவருக்கு விலை இறங்கும்.

அடுத்த முறை மளிகைக் கடையில் பருப்பு வாங்கும்போது, அது எந்த ஊர் மூட்டை என்று கேட்டுப் பாருங்கள்.