தரவுக் களஞ்சியம்

பாலாற்றின் கரையில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருவழியில் அமைந்த ஊர் ஆம்பூர். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரும், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய அண்டை ஊர்களும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. முற்காலத்தில் இவ்வட்டாரத்திலிருந்து பதனிட்ட தோலே மிகுதியாகக் கப்பலேறிற்று. 1970-களில் அரசு மேற்கொண்ட ஏற்றுமதிக் கொள்கைக்குப் பின்னர், காலணி முதலிய முடிவுற்ற பொருள்களைச் செய்து அனுப்பும் தொழில் இங்கு வளர்ந்தது. இன்று ஆம்பூரில் தைத்த காலணிகள் அயல்நாட்டு வீதிகளில் நடமாடுகின்றன.

ஒரு காலணி உருவாவதற்குள் அதன் தோல் பல கைகள் மாறுகின்றது. ஒருவர் தோலை வாங்குகின்றார், ஒருவர் பதனிடுகின்றார், ஒருவர் தரம் பிரிக்கின்றார், பின்னர் வெட்டுதலும் தைத்தலும் அடி பொருத்துதலும் நிகழ்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்குகள் முன்பு பேரேடுகளில் இருந்தன. இப்பொழுது பெரும்பாலும் கணிப்பொறியில் உள்ளன. இவ்வாறு ஒழுங்குபடுத்திச் சேர்த்துவைத்த குறிப்புகளின் தொகுதியே தரவுத்தளம் எனப்படும். தரவுகளை நிரல்களும் நிரைகளும் கொண்ட அட்டவணைகளாக அமைத்து, ஓர் அட்டவணையை மற்றொன்றோடு உறவுபடுத்தும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்களுட் பல அம்முறையைத் தழுவியவையே.

எனினும், தனித்தனிக் கணக்குகள் எல்லாம் உண்மையாயிருந்தும், அவற்றுள் எதுவும் முழு உண்மையைக் கூறுவதில்லை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு காலணி ஆலைக்கு இரு வணிகர் தோல் தருவதாகக் கொள்க. முதலாமவர் விலை சதுர அடிக்கு 100 ரூபாய். இரண்டாமவர் விலை 120 ரூபாய். கொள்முதல் ஏட்டை மட்டும் காண்பவர் முதலாமவரிடமே வாங்குவார். ஆனால் வெட்டும் பிரிவின் ஏடு வேறொன்று கூறுகின்றது. முதலாமவர் தோலில் உண்ணிக் கடியும் கீறலும் மிகுதி; 100 சதுர அடியில் 60 சதுர அடியே பயன்படுகின்றது. இரண்டாமவர் தோலிலோ 80 சதுர அடி பயன்படுகின்றது. இரண்டு ஏடுகளையும் இணைத்துக் கணக்கிட்டால், பயன்படும் ஒரு சதுர அடிக்கு முதலாமவர் தோலின் அடக்கவிலை ஏறத்தாழ 167 ரூபாய். இரண்டாமவர் தோலுக்கு 150 ரூபாயே. மலிவென்று வாங்கியது விலையுயர்ந்ததாயிற்று! தரவுகளை இணைத்துப் பார்த்து இவ்வாறு தெளிவு பெறுதலையே வணிக நுண்ணறிவு என்பர்.

இத்தகைய ஆய்வுக்கு நாள்தோறும் இயங்கும் தரவுத்தளம் மட்டும் போதாது. அது இன்றைய இருப்பைக் காட்டும். நேற்றைய இருப்பின்மேல் இன்றைய இருப்பு எழுதப்பட்டுவிடும். மேலும், பல ஆண்டுக் கணக்கை அதனிடமே வினவினால் அன்றாடப் பணி தடைப்படும். ஆதலால் ஆய்வுக்கெனத் தனியே ஒரு சேமிப்பிடம் அமைக்கின்றனர். அதுவே தரவுக் களஞ்சியம். தரவுக் கிடங்கு என்றும் கூறுவர். பொருள்வாரியாக அமைதல், ஒருமைப்பாடு உடைத்தாதல், காலந்தோறும் உள்ள நிலையைக் காட்டுதல், எழுதியதை அழியாது காத்தல் என அதன் இயல்புகள் நான்கு என்று பில் இன்மன் என்னும் அமெரிக்கர் வகுத்துரைத்தார்.

கதிரை அறுத்த கையோடு எவரும் குதிரில் கொட்டுவதில்லை. அடித்துத் தூற்றிப் பதர் நீக்கிய பின்னரே நெல்லைச் சேமிக்கின்றனர். தரவும் அவ்வாறே. ஒரு பிரிவினர் தோலைச் சதுர அடியில் அளப்பர். அயல்நாட்டார் சதுர மீட்டரில் கேட்பர். ஒரே நிறத்தை ஓர் ஏடு ‘காப்பி’ என்னும். மற்றோர் ஏடு ‘பழுப்பு’ என்னும். 3-4 என்பது இந்நாட்டில் ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்காவில் மார்ச்சு நான்காம் நாள். இவ்வேறுபாடுகளைக் களைந்து ஒருநிலைப்படுத்திய பின்னரே தரவு களஞ்சியத்துள் புகவேண்டும்.

களஞ்சியத்தின் பயன் இலாபத்தோடு நிற்பதன்று. குரோமிய உப்பால் பதனிட்ட தோலில், சில சூழ்நிலைகளில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் தோன்றக்கூடும். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். உடலிற் படும் தோற்பொருளில், ஒரு கிலோகிராம் தோலுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ அக்குரோமியம் இருத்தல் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அவ்விதி 2015-ஆம் ஆண்டு மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு தொகுதி இச்சோதனையில் தவறினால், அனுப்பிய சரக்கு விலைபோகாது. அதனைத் தைத்த பெண்டிரின் வேலைக்கும் ஊறு நேரலாம்.

அந்நிலையில், தவறிய தொகுதிகளுக்குப் பொதுவாயிருந்தது யாது என்று களஞ்சியத்தை வினவலாம். மென்மை ஊட்டச் சேர்த்த எண்ணெயா? உலர்த்திய வெப்பமா? சேமித்து வைத்த காலமா? ஒவ்வொரு தொகுதியின் எண்ணும் நாளும் மருந்தும் முறையாகப் பதிவாகியிருப்பின், ஐயத்திற்குரிய தொகுதிகளை மட்டும் பிரித்து, ஏனையவற்றைக் காக்கலாம். பதிவு இல்லையேல், நல்லதும் தீயதும் ஒருங்கே ஐயத்திற்கு உள்ளாகும்.

ஆயினும், களஞ்சியம் தானே மெய்யறிவு ஆகாது. தோலின் தடிப்பைப் பொய்யாக எழுதினால், அப்பொய் அட்டவணைதோறும் விரைந்து பரவும். தையல் பிரிவில் ஒரு வாரம் வேலை குறைந்ததென எண்கள் காட்டலாம். ஊசி பழுதுற்றதா, தோல் தடித்திருந்ததா என்பதை, பொறியின்முன் அமர்ந்திருப்பவரைக் கேட்டே அறியவேண்டும். காரணம் அறியாது அவரைக் கடிந்துகொள்ளுதல் முறையன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. உண்மையாக எழுதி, ஒழுங்காகச் சேர்த்து, நடுநிலையோடு ஆராய்ந்தால் ஏட்டுக் கணக்கும் பலர் வாழ்வுக்கு உதவும். அதற்கு முதற்படி, தோலைத் தொட்டு அளப்பவர் தம் ஏட்டில் எழுதும் உண்மையான ஓர் எண்ணே.