அடையாளம் கேட்காத வாக்குச்சீட்டு

1954-ல் மேற்கு ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அங்கே தலைமுறைகளாக வாழும் டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சி தெற்கு ஷ்லெஸ்விக் வாக்காளர் சங்கம். அது 42,000-க்கும் மேல் வாக்குகள் வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. மொத்த வாக்கில் ஐந்து விழுக்காட்டை எட்டாத கட்சிக்கு இடமில்லை என்ற விதி அதைத் தடுத்துவிட்டது. எல்லைக்கு அப்பால் டென்மார்க்கிலோ, அங்குள்ள ஜெர்மன் சிறுபான்மையினர் அதற்கு முந்தைய ஆண்டுதான் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளைக் கொண்டு நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியிருந்தார்கள். ஐந்து விழுக்காட்டு வரம்பைக் கெட்ட எண்ணத்தில் போட்ட விதி என்று சொல்லிவிட முடியாது. 1920-களில் சிதறிக் கிடந்த உதிரிக் கட்சிகளால் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததைப் பார்த்த தலைமுறை வகுத்த விதி அது. ஆனால் உதிரிக் கட்சியை வடிகட்டச் செய்த சல்லடையில் ஒரு மக்கள் கூட்டமும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. கொள்கையால் ஆள் சேர்க்க முடியாமல் தோற்கும் கட்சி, அடுத்த தேர்தலுக்குள் கொள்கையை மாற்றிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் பேரே உள்ள ஒரு சமூகம் தன் எண்ணிக்கையை எப்படி மாற்றிக்கொள்ளும்?

மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேரும் வேளையில் டென்மார்க் இந்தப் பிரச்சினையை அங்கே எழுப்பியது. 1955 மார்ச் 29 அன்று இரு நாடுகளும் தனித்தனியே, ஒரே தொனியில், இரண்டு பிரகடனங்களை வெளியிட்டன. பான்-கோபன்ஹேகன் பிரகடனங்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். அதே ஆண்டில் டேனிஷ் கட்சிக்கு வரம்பிலிருந்து விலக்கும் கிடைத்தது. இலவசமாக இடம் தரும் விலக்கல்ல இது. ஓர் இடத்துக்குத் தேவையான வாக்கை அந்தக் கட்சி வாங்கித்தான் ஆக வேண்டும். விலக்கைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது பிரகடனத்தில் உள்ள இன்னொரு வாசகம். டேனிஷ் இனத்தையும் பண்பாட்டையும் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்வது ஒருவரின் சொந்த விருப்பம். அரசு அதை மறுக்கவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாது என்கிறது அது. சிறுபான்மையினருக்குத் தேர்தலில் தனி வழி வேண்டும், அந்த வழியின் வாசலில் நின்று யாரிடமும் ‘நீ யார்’ என்று கேட்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு நியாயமாகிறது. ஒன்று குறைந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்றுகள் இருக்கின்றன.

ஹங்கேரியை எடுத்துக்கொள்வோம். அங்கே சிறுபான்மையினர் தம் இனப் பட்டியலுக்கு வாக்களிக்கலாம். வெற்றிக்கான அளவும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் முன்கூட்டியே தம்மை இன்ன இனத்தவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்துகொண்டவர் கட்சிப் பட்டியலுக்கு வாக்களிக்கும் உரிமையை விட்டுவிட வேண்டும். நாட்டின் ஆட்சி யார் கையில் என்பதில் ஒரு வாக்கையே இழந்துதான் தன் இனத்துக்காகப் பேச ஆள் அனுப்ப முடியும். 2018-லும் 2022-லும் ஜெர்மன் சிறுபான்மையின் இம்ரே ரிட்டர் இவ்வழியில் உறுப்பினரானார். நாட்டின் மிகப் பெரிய சிறுபான்மையான ரோமா மக்களுக்கோ 2022-ல் பட்டியலே இல்லை. அவர்களுடைய தேசிய அமைப்பின் உட்பூசலால் அது தாக்கலாகவில்லை. பட்டியல் போடும் அதிகாரத்தை ஒரே அமைப்பிடம் கொடுத்துவிட்டால், அந்த அமைப்பின் சண்டை சமூகத்தின் குரலையே அடைத்துவிடுகிறது. ருமேனியாவின் குறை வேறு வகை. அங்கே அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சிறுபான்மைக்கும், மிகக் குறைந்த வாக்கு இருந்தாலே, ஓர் இடம் உண்டு. இரண்டாயிரத்துக்கும் குறைவான ஆர்மேனியர்களுக்கு ஓர் இடம். கணக்கெடுப்பின்படியே ஐந்து லட்சத்தைத் தாண்டும் ரோமா மக்களுக்கும் ஓர் இடம். அடையாளத்தை மதிக்கும் ஏற்பாடு ஆள்களை எண்ண மறந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது போஸ்னியாவில் நடப்பது. 1995-ல் போரை நிறுத்திய டேட்டன் உடன்படிக்கையின் இணைப்பாகவே அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் பிறந்தது. குடியரசுத் தலைமை மூவருக்கு: ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்ப். மேலவையின் பதினைந்து இடங்களும் இந்த மூன்று இனங்களுக்கே. ரோமா சமூகத்தின் டெர்வோ செய்டிச், யூதரான யாகோப் ஃபின்சி இருவரும் போட்டியிடவே முடியாது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2014-ல் அஸ்ரா சோர்னிச் என்ற பெண்மணிக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மூன்று இனங்களில் எதையும் ஏற்காமல், தான் போஸ்னியக் குடிமகள் மட்டுமே என்று சொன்னதுதான் அவர் தேர்தலில் நிற்பதற்குத் தடையாக இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அரசியலமைப்பு திருத்தப்படவில்லை. போரை நிறுத்த வேறு வழி இல்லை என்பார்கள் அந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள். அன்றைக்கு அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் போரை நிறுத்துவதற்காகப் பூட்டிய கதவை, அமைதி வந்த பிறகும் திறக்காமலிருக்க அந்த வாதம் உதவாது. இன அடிப்படையில் மட்டுமே பதவி கிடைக்கும் இடத்தில் எந்தத் தலைவர் அடுத்த இனத்தின் வாக்கைத் தேடிப் போவார்?

ஷ்லெஸ்விக் முறைக்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. விலக்கால் வந்த ஒரு சில உறுப்பினர்கள் ஆட்சியைத் தீர்மானிக்கலாமா என்பது பழைய கேள்வி. 2005-ல் டேனிஷ் கட்சியின் இரண்டு இடங்களை நம்பி ஹைடே சிமோனிஸ் மீண்டும் முதல்வராக முயன்றபோது அது உரக்க எழுந்தது. நான்கு சுற்று வாக்கெடுப்பிலும் அவருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2012-ல் அக்கட்சி ஓர் இடப் பெரும்பான்மை கொண்ட கூட்டணியிலேயே சேர்ந்தது. அதன் அன்கே ஸ்போரென்டோங்க் அமைச்சரானார். விலக்கை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். 2013-ல் மாநில அரசியலமைப்பு நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. உறுப்பினர் ஆன பிறகு ஒருவருடைய வாக்கில் அரைப் பங்கைக் கழிக்க முடியாது. பள்ளி, நதி, வரி எல்லாம் அவரை அனுப்பியவர்களுக்கும் உரியவைதான். இன்னொரு ஆட்சேபம் கனமானது. யாரென்று சரிபார்க்காவிட்டால் பெரும்பான்மையினரும் அந்தக் கட்சிக்கு வாக்களித்து விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா? பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஓரிரு இடங்கள். சரிபார்க்கத் தொடங்கினாலோ அரசு குடிமக்களின் வம்சத்தை விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கு என்ன விலை என்பதை மற்ற எவரையும்விட ஜெர்மனி அறியும். இந்த ஆட்சேபத்தை 2022 மாநிலத் தேர்தலின் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். டேனிஷ் குடும்பங்களுக்கு வெளியேயும் வாக்காளர்களைச் சேர்த்துக்கொண்டு அக்கட்சி 5.7 விழுக்காடு பெற்றது. அந்த முறை நான்கு இடங்களில் உட்கார அதற்கு விலக்கே தேவைப்படவில்லை.