பார்லாரே என்றால் பேசுதல்



நம் பங்கிலிருந்து துறவற வாழ்வுக்குச் சென்ற இளம் அருள்சகோதரி ஒருவர், இத்தாலிக்குப் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது பங்கு இல்லத்திற்கு வந்தார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்குப் பணி. கையில் ஒரு நீளமான நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, ஒரே வினைச்சொல்லின் வடிவங்களை எழுதி வைத்திருந்தார். "எல்லாம் மனப்பாடம் ஃபாதர். ஆனா ஒரு வரி பேச வரமாட்டேங்குது" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த இத்தாலியம் கொஞ்சம்தான். உரோமையில் படித்துத் திரும்பிய பேராசிரியர் ஒருவர் குருமடத்தில் மாலை வேளைகளில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அவர் எப்போதும் எடுத்துக்கொள்ளும் சொல் 'பார்லாரே', அதாவது பேசுதல். ஒழுங்கான வினை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் அவரிடம் இருந்தது. 'பராபொலா' என்றால் உவமை. உவமையைக் குறிக்கும் அந்தக் கிரேக்க, இலத்தீன் சொல்லிலிருந்துதான் இத்தாலியரின் 'பேசுதல்' பிறந்தது. ஆண்டவர் சொன்ன உவமைகளை நூற்றாண்டுக் கணக்கில் கேட்டுக் கேட்டு, பேச்சுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

சகோதரியிடம் நோட்டை மூடி வைக்கச் சொன்னேன். 'பேசினேன்' என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னேன். பள்ளியில் படித்தது மறக்கவில்லை: பேசு, இன், ஏன். பகுதி, இடைநிலை, விகுதி. இன் காலத்தைக் காட்டும், ஏன் ஆளைக் காட்டும். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியமும் அப்படியே. 'பார்ல்' பகுதி. 'பார்லோ' என்றால் பேசுகிறேன். கடைசி 'ஓ'வுக்குள் நான் இருக்கிறேன். பார்லி என்றால் நீ பேசுகிறாய், பார்லா என்றால் அவன் அல்லது அவள் பேசுகிறாள். பார்லியாமோ நாம், பார்லாத்தே நீங்கள் பலர், பார்லனோ அவர்கள். நடுவில் 'ஆவ்' வந்தால் பார்லாவோ: பேசிக்கொண்டிருந்தேன். 'எர்' வந்தால் பார்லெரோ: பேசுவேன். நிகழ்காலத்துக்கு மட்டும் இடைநிலை கிடையாது. ஆங்கிலத்தில் எல்லா ஆளுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு முன்னால் ஒரு பெயரைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் வழியாக இத்தாலியம் கற்பதால்தான் நம் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் வழியாகப் போனால் பாதி வழி ஏற்கெனவே தெரிந்த வழி.

இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்து வந்தவர் நமக்கு அருகிலேயே இருந்தார். விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா கோவிலுக்கு நெய்வேலியிலிருந்து போகாத குடும்பம் குறைவு. அந்தக் கோவிலைத் தந்த வீரமாமுனிவர் 1680-இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அதே ஊர்தான். 'பார்லோ, பார்லி, பார்லா' என்று பேசி வளர்ந்த அந்த நாவுதான் பிறகு தேம்பாவணி பாடியது. புதிதாக வரும் மறைப்பணியாளர்களுக்காக, மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணமும் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் என்ற அந்த நூல் 1738-இல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சானது. தங்களோடு எழுத்தில் கடுமையாக வாதிட்டவரின் நூலை அவர்களே அச்சிட்டார்கள் என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. 'பேசேன்' என்று நாம் சொல்கிறோமே, 'இல்லை' என்ற சொல் எதுவும் இல்லாமலே மறுப்பு வந்துவிடுகிறதே, அதை முதன்முதலில் கேட்டபோது அவர் எப்படித் திகைத்திருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு.

காலங்களுக்கு வருவோம். இறந்தகாலம் அங்கே பல வகை. 'அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் பேசுவார்' என்று பழைய நாளைப் பற்றிச் சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தையே பயன்படுத்துகிறோம். இத்தாலியர் அதற்கு 'பார்லாவா' என்பார்கள். ஒருமுறை பேசி முடிந்ததென்றால் 'ஓ பார்லாத்தோ', ஏறக்குறைய நம் 'பேசியிருக்கிறேன்'. நாம் 'இரு' என்பதைச் சேர்க்கும் இடத்தில் அவர்கள் 'உடைமையாகக் கொள்' என்பதைச் சேர்க்கிறார்கள். ஆனால் போதல், வருதல் போன்ற வினைகளுக்கு அவர்களும் 'இரு'தான். அங்கே ஆண், பெண் வேறுபாடு வந்துவிடும். வந்து சேர்ந்தேன் என்பதை நான் சொன்னால் 'ஸோனோ ஆரிவாத்தோ', சகோதரி சொன்னால் 'ஸோனோ ஆரிவாத்தா'. நமக்கு 'பேசினான், பேசினாள்' என்று படர்க்கையில்தான் பால் தெரியும்; தன்மையில் தெரியாது.

பழங்கதை சொல்வது போன்ற இன்னொரு இறந்தகாலம் உண்டு: பார்லாய், பேசினேன். வடக்கே இது பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றுவிட்டது. சிசிலித் தீவில் அன்றாடப் பேச்சிலேயே கேட்கலாம். பலேர்மோ நகரில் குடியேறி, புனித ரொசாலியாவின் மலைக்கு ஏறிச்செல்லும் இலங்கைத் தமிழர்களுக்கு இது பழகிய ஓசையாக இருக்கும். இதில் 'அவர் பேசினார்' என்பதற்கும் 'பார்லோ' என்றே வரும். எழுத்தில் ஒரு சிறு கோடு, பேச்சில் கடைசி 'ஓ'வில் அழுத்தம். முதல் அசையில் அழுத்தினால் நான் பேசுகிறேன். கடைசியில் அழுத்தினால் அவர் பேசினார். சகோதரி இதை என் திண்ணையில் ஐம்பது முறையாவது சொல்லிப் பார்த்திருப்பார்.

எதிர்காலத்தின் கதையும் சுவையானது. 'பார்லெரோ' என்பது முதலில் இரண்டு சொல். 'பேசுவதற்கு எனக்கு உண்டு' என்பது போலச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. 'பேசுவேனே' என்று ஒரு நிபந்தனைக்கு உட்பட்டுச் சொல்லும் 'பார்லெரேய்' என்பதும் அதே வழியில் வந்ததுதான்.

இவ்வளவும் மூன்று வாரத்தில் முடிந்தது. முடியாமல் போனது காலம் அல்ல, மனநிலை. சொல்பவர் ஒன்றை நடந்ததாகச் சொல்கிறாரா, விரும்புகிறாரா, ஐயப்படுகிறாரா, கட்டளையிடுகிறாரா என்பதற்கு ஏற்ப இத்தாலிய வினை வடிவம் மாற்றிக்கொள்கிறது. நமக்கும் ஏவல் உண்டு, வியங்கோள் உண்டு. இயேசு கற்பித்த செபத்தில் 'வருக' என்கிறோமே, அந்த இடங்களில் இத்தாலியர் 'கொஞ்சுன்தீவோ' என்ற விருப்ப, ஐய வடிவத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதை இன்னும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். 'அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன்' என்னும்போது நம் வினை மாறாது. 'என்று' எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறது. அவர்களுக்கு 'பார்லா' போய் 'பார்லி' வந்தாக வேண்டும், ஏனென்றால் அது என் நினைப்பில் மட்டும் இருப்பது. 'ஆரே'யில் முடியும் வினைக்கு 'இ' வரும். நம்புதல் எனப் பொருள்படும் 'கிரேதெரே' போன்றவற்றுக்கு 'ஆ' வரும். குறுக்காக மாறும் என்று நினைவில் வைத்தால் போதும்.

போன இரண்டாம் மாதம் சகோதரியிடமிருந்து அழைப்பு. அவர் கவனிக்கும் அறையில் ஒரு பாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை. பக்கவாதம் வந்தபின் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. சகோதரி அன்போடு கையைப் பிடித்து "பார்லா!" என்றிருக்கிறார். பாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். 'பார்லா' என்பது 'நீ பேசு'. அறிமுகமில்லாத பெரியவரை 'லேய்' என்று படர்க்கையில் வைத்துத்தான் அழைக்க வேண்டும்; அப்போது 'பார்லி'. ஓர் 'இ'யில் மரியாதை இருந்தது. "நம்ம ஊர்லயும் உண்டும்மா. என் முகத்துக்கு நேரேயே 'ஃபாதர் எங்க கிளம்பிட்டாங்க?'ன்னு கேக்கிறாங்கல்ல, அதுதான்" என்றேன். சிரித்தார்.

இரண்டாவது அழைப்பில் சிரிப்பு இல்லை. ஞாயிறன்று பாட்டியின் மகள் வந்து, கட்டிலருகே நின்று "ஸே பார்லாஸ்ஸே..." என்றாராம். சகோதரியின் காதில் 'பார்லா' மட்டும் விழுந்திருக்கிறது. "ஸி, பார்லா!" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டார்: ஆமாம், பேசுகிறார். அந்த அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. 'ஆஸ்ஸே' என்ற முடிவு, நடக்காததை, நடக்க வழி தெரியாததை நினைத்து ஏங்கும்போது வருவது. 'பேசமாட்டாரா' என்றுதான் மகள் ஏங்கியிருக்கிறார். நம் 'பேசினால்' நாளை நடக்கக்கூடியதற்கும் இனி நடக்காததற்கும் ஒன்றேதான், குரலில்தான் வேறுபாடு. இத்தாலியர் அந்த ஏக்கத்தையே விகுதியில் வைத்துவிட்டார்கள். "நோட்டுல அந்தக் கட்டத்தை நான் பூர்த்தி பண்ணியிருந்தேன் ஃபாதர்" என்றார் சகோதரி. அடுத்த ஞாயிறு மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். அந்த அம்மா அவரைக் கட்டிக்கொண்டாராம்.

அதன்பிறகு சகோதரி பாட்டியின் அருகில் உட்கார்ந்து தன் உடைந்த இத்தாலியத்தில் நெய்வேலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஆழம், மண்ணை வெட்டும் வீடு உயரச் சக்கரம், வட்டம் வட்டமாக மரங்கள் நிற்கும் வீதிகள். காலங்களும் விகுதிகளும் தவறும். பாட்டி ஆசிரியை அல்லவா, தவறும்போதெல்லாம் விரலை மட்டும் அசைப்பாராம். சென்ற மாதம் ஒரு மாலை, சொல் கிடைக்காமல் இவர் பாதியில் நிறுத்தியபோது, பாட்டி மெதுவாக வாய் திறந்து "பார்லா" என்றாராம். சிறியவளைப் பார்த்துப் பெரியவர் சொல்லும்போது அதுதான் சரியான வடிவம்.